பந்தியில் உப்புக் கூடினால் யாரைக் கேட்பது?



அழைப்பிதழில் ‘எந்த லினக்ஸ் நல்ல லினக்ஸ்?’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இப்படிப் போட்டால்தான் மாணவர்கள் வருவார்கள் என்று அமைப்பாளர் நினைத்திருக்க வேண்டும். அரங்கத்தைப் பார்த்தால் அவர் கணக்குத் தப்பவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் என் பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் உங்களுக்குள் சண்டை நடக்கும். எனவே வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நிரல் எழுதிப் பிழைக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஸ்லாக்வேர், ரெட் ஹேட், டெபியன், ஜென்டூ, உபுண்டு, ஆர்ச் என்று மாற்றி மாற்றிப் பார்த்தவன் நான். அத்தனைக்குள்ளும் ஓடுவது ஒரே கெர்னல். மேலே இருக்கும் கருவிகளும் பெரும்பாலும் அதே கருவிகள்தான். அப்படியானால் எதற்கு இத்தனை டிஸ்ட்ரோக்கள்? ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக மினிக்ஸ் பயன்படுத்துவோருக்கு அறிவித்தார். அவர் எழுதியது கெர்னலை மட்டும். கம்பைலரும் ஷெல்லும் அன்றாடக் கட்டளைகளும் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வந்தன. திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ், அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தது. ஊருக்கு ஒன்றாகக் கிடந்த இவற்றை ஒருவர் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி செய்து, உங்கள் கணினியில் ஏறும்படி கட்டிக்கொடுக்க வேண்டும். டிஸ்ட்ரோ செய்யும் வேலை அதுதான். கல்யாண வீட்டுச் சமையல் காண்டிராக்டர் அரிசியையும் விளைவிப்பதில்லை, கத்தரிக்காயையும் விளைவிப்பதில்லை. ஆனால் பந்தியில் உப்புக் கூடினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஒரு டிஸ்ட்ரோவை மதிப்பிட நான் கேட்கும் கேள்வியும் இதுதான்: உப்புக் கூடினால் இங்கே யாரைக் கேட்பது?

எனக்கு முதலில் கையில் கிடைத்தது ஸ்லாக்வேர். விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டிருந்தது. ஆனால் தொலைபேசிக் கம்பி வழியே ஒரு முழு இயங்குதளத்தை இறக்குவதை யாரும் கனவிலும் நினைக்கவில்லை. பிசி குவெஸ்ட் போன்ற கணினி இதழ்களோடு வரும் குறுந்தகடுதான் எங்களுக்கு இணையம். ஒருவர் வாங்குவார், பத்துப் பேர் கைமாற்றிக்கொள்வோம். நிறுவும்போது எழுத்து எழுத்தாகப் பிரித்த தொகுதிகள் வரும்: அடிப்படைக்கு ஏ, நிரலாக்கத்துக்கு டி, வலையமைப்புக்கு என், ஜன்னல்களுக்கு எக்ஸ். அந்த எக்ஸ் இருக்கிறதே, அதுதான் ராத்திரியைத் தின்னும். உங்கள் மானிட்டரின் கிடை அலைவெண் இவ்வளவு, நெடு அலைவெண் இவ்வளவு என்று நீங்களே ஒரு கோப்பில் எழுதிக்கொடுக்க வேண்டும். எண் தவறானால் மானிட்டர் பழுதாகலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு, அப்பா தவணையில் வாங்கிக்கொடுத்த மானிட்டரின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்டரைத் தட்டியவர்கள் இந்த அவையிலும் சிலர் இருப்பீர்கள். கை தூக்க வேண்டாம்.

மோடம் இன்னொரு தொல்லை. அன்று சந்தையில் மலிவாகக் கிடைத்த உள்மோடங்கள் பல, தங்கள் வேலையில் பாதியை விண்டோஸ் டிரைவரின் தலையில் கட்டிவிட்டுத்தான் விலையைக் குறைத்திருந்தன. ‘வின்மோடம்’ என்று திட்டுவோம். லினக்ஸில் அவை வெறும் அட்டை. இன்று வைஃபை தானாக இணைந்துகொள்ளும் கணினியில் லினக்ஸைத் தொடங்குகிறவர்களுக்கு இதெல்லாம் தாத்தா கதை. போகட்டும்.

ஸ்லாக்வேரை 1993 ஜூலையில் வெளியிட்டவர் பேட்ரிக் வோல்கர்டிங். எஸ்எல்எஸ் என்ற முந்தைய டிஸ்ட்ரோவில் இருந்த பிழைகளைத் திருத்தப் போய்த் தனி டிஸ்ட்ரோவே ஆகிவிட்டது. இன்று உயிரோடு இருப்பவற்றில் மூத்தது அதுதான், இன்றும் அதை நடத்துகிறவர் அவர்தான். 2016-இல் 14.2 வந்தது, அடுத்த 15.0 வர 2022 பிப்ரவரி ஆயிற்று. அதன் பேக்கேஜ் முறையில் சார்புகளைக் கவனிக்கும் ஏற்பாடு கிடையாது. ஒரு நிரலுக்கு வேறொரு நூலகம் தேவை என்றால், அதை ஓட்டிப் பார்த்து, அது முகத்தில் அடித்தாற்போலப் பிழை சொன்ன பிறகுதான் தெரிந்துகொள்வீர்கள். என் கேள்விக்கு ஸ்லாக்வேரின் பதில் நேர்மையானது: தகட்டில் இருப்பதற்கு வோல்கர்டிங் பொறுப்பு, நீ மேலே போட்டதற்கு நீ பொறுப்பு. கணினி எப்படி எழுகிறது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் நான் கற்றது அதில்தான். அதை யாருக்கும் குறை சொல்ல மாட்டேன். சம்பளம் வாங்கும் வேலைக்கு அதை நம்பியிருக்கவும் மாட்டேன்.

அடுத்து ரெட் ஹேட். அதன் ஆர்பிஎம் ஒரு படி மேல்: எது குறைகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடும். ஆனால் எடுத்துத் தராது. ஒரு பேக்கேஜைப் போடப்போனால் இன்னொன்றைக் கேட்கும், அதைத் தேடிக் கொண்டுவந்தால் அது வேறிரண்டைக் கேட்கும், கடைசியில் அவற்றில் ஒன்று முதலாவதின் புதிய பதிப்பைக் கேட்கும். ஆர்பிஎம் நரகம் என்று அன்று எல்லாரும் சொன்னது இதைத்தான். யம் என்ற கருவி பரவலாகும்வரை இந்தச் சுற்றிலிருந்து விடுதலை இல்லை.

டெபியனுக்கு நான் வந்தது 1999-க்குப் பிறகு. அந்த மார்ச்சில் வெளிவந்த 2.1 பதிப்பில் ஏப்ட் என்ற கருவி சேர்ந்திருந்தது. ஏப்ட்-கெட் என்று தட்டி நிரலின் பெயரைச் சொன்னால், அதற்கு வேண்டியதை, அந்த வேண்டியதற்கு வேண்டியதை எல்லாம் தானே கணக்குப்போட்டு எடுத்து வைத்துவிடும். இன்று கைப்பேசியில் செயலியை ஒரு தொடலில் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். எனக்கு அன்று அது மந்திரமாகத்தான் இருந்தது. மந்திரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஏப்ட் அவ்வளவு புத்திசாலியாக இருக்கக் காரணம், ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு மனிதர் இருந்து, இதற்கு இது வேண்டும், இதோடு அது ஒத்துப்போகாது என்று கையால் எழுதி வைத்திருப்பதே.

இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் டெபியனைத் தொடங்கினார். காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். அதற்கு முதலாளி கிடையாது. 1997-இல் ‘சமூக ஒப்பந்தம்’ என்று ஒன்றை எழுதி வைத்துக்கொண்டார்கள்: பிழைகளை மறைக்க மாட்டோம், எல்லாப் பிழைப் புகாரும் எப்போதும் பொதுவில் இருக்கும் என்பது அதில் ஒரு வாக்குறுதி. தலைவரை ஆண்டுதோறும் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதிப்புகளுக்கு டாய் ஸ்டோரி படத்துப் பொம்மைகளின் பெயர். ஆரம்பகாலத் தலைவர் புரூஸ் பெரன்ஸ் அந்தப் படத்தை எடுத்த பிக்ஸாரில் வேலை பார்த்தவர். எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும் நிலையற்ற கிளைக்கு சிட் என்று பெயர். படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் அது. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

ஆனால் எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் நகர்வோம் என்ற சபை எப்படி நகரும் என்று உங்களுக்குத் தெரியும். 2002 ஜூலையில் வூடி என்ற பதிப்பு வந்தது. அடுத்த சார்ஜ் வர 2005 ஜூன் ஆயிற்று. சர்வருக்கு அது பரவாயில்லை. மேசைக்கணினியில் மூன்று வருஷப் பழைய உலாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த இடைவெளியில்தான் மார்க் ஷட்டில்வொர்த் நுழைந்தார். டெபியனின் சிட்டை எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் வெளியிடுவேன் என்று 2004 அக்டோபரில் உபுண்டுவைக் கொண்டுவந்தார். குறுந்தகட்டைக் கேட்டால் காசு வாங்காமல் வீட்டுக்கே தபாலில் அனுப்பினார்கள். தபால்காரர் வெளிநாட்டு உறையைக் கொண்டுவந்து நீட்டும்போது அக்கம்பக்கத்தில் நமக்கு ஒரு மதிப்பு வந்தது. இங்கே லினக்ஸைப் பரப்பியதில் அந்த உறைகளுக்குப் பெரிய பங்கு உண்டு, 2011-இல் நிறுத்திவிட்டார்கள். உபுண்டுவில் உப்புக் கூடினால் கேட்க ஒரு கம்பெனி இருக்கிறது. கம்பெனி இருந்தால் கம்பெனியின் விருப்பமும் இருக்கும். 2011-இல் யூனிட்டி என்ற மேசைச்சூழலை எல்லார் மேலும் வைத்தார்கள். பழகி முடிப்பதற்குள் 2017-இல் அதைக் கைவிட்டு க்னோமுக்குத் திரும்பினார்கள்.

ஜென்டூவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் போட்ட காலத்தில் அதில் தயாரான பேக்கேஜ் அரிது. கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து உங்கள் கணினியே கம்பைல் செய்துகொள்ள வேண்டியிருந்தது. உன் பிராசசருக்கு ஏற்றபடி கட்டுவதால் எல்லாம் பறக்கும் என்றார்கள். ஓபன் ஆபீஸைக் கட்டச்சொல்லி இரவு படுத்தால் காலையில் எழுந்து பார்க்கும்போதும் கட்டிக்கொண்டிருக்கும், நடுவில் மின்சாரம் போகாமல் இருந்தால். எனக்கு எதுவும் பறந்ததாகத் தெரியவில்லை. ஆனால் எந்த நிரலில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று நாமே கொடிகளால் சொல்லும் அதன் முறை, மென்பொருள் எப்படி ஒன்றோடொன்று கோத்திருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு விடுமுறைக்கு ஜென்டூ நல்ல பாடம். வேலைக்குப் போன பிறகு வேண்டாம்.

இப்போது நான் இங்கே சொல்லவந்த விஷயத்தின் கனமான பகுதிக்கு வருகிறேன். நடுவில் இருக்கும் அந்த மனிதர், பேக்கேஜ் பராமரிப்பாளர், நல்லதும் செய்கிறார், ஆபத்தையும் கொண்டுவருகிறார். இரண்டுக்கும் எடுத்துக்காட்டு உண்டு.

2006-இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் ஒரு சிறு திருத்தம் நடந்தது. வால்கிரைண்ட் என்று நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று உண்டு. தொடக்க மதிப்பில்லாத நினைவகத்தை நிரல் படிக்கிறது என்று அது புகார் சொல்லிக்கொண்டிருந்தது. புகார் நிற்கட்டும் என்று பராமரிப்பாளர் இரண்டு வரிகளை முடக்கினார். முன்னதாக அந்த மென்பொருளை எழுதியவர்களின் குழுவிலும் இதைக் கேட்டிருந்தார். முடக்கிய வரிகளில் ஒன்றுதான் ரகசியச் சாவி தயாரிக்கத் தேவையான தற்செயல்தன்மையைச் சேர்த்துக்கொண்டிருந்த வரி. அது போனபின் மிஞ்சியது அந்தச் செயல்முறையின் எண் மட்டும். அது 32,768-ஐத் தாண்டாது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும், யாரும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டிய எஸ்எஸ்எச் சாவி, ஒரு பட்டியலைப் போட்டு வரிசையாகச் சோதித்தால் திறக்கும் சாவி ஆகிவிட்டது. 2008 மே மாதத்தில் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்லும்வரை யாருக்கும் தெரியவில்லை. டெபியன் மட்டும் இல்லை, அதிலிருந்து பிறந்த உபுண்டுவும் மாட்டியது. அந்த வாரம் உலகம் முழுக்க சர்வர் பார்ப்பவர்கள் தூங்கவில்லை. பழைய சாவிகளைத் தேடித்தேடி அழித்துப் புதிதாக உண்டாக்கினோம். சாவி டெபியனில் பிறந்து வேறு கணினியில் குடியிருந்தாலும் அதே கதிதான் என்பதால், ரெட் ஹேட் சர்வர்களையும் சல்லடை போட்டுச் சலிக்க வேண்டியிருந்தது.

இதைக் கேட்டதும், எழுதியவர் கொடுத்ததை அப்படியே கொடுத்தால் போதும், நடுவில் இவர் எதற்கு என்று தோன்றும். ஆர்ச் லினக்ஸின் கொள்கை கிட்டத்தட்ட அதுதான். 2002-இல் ஜட் வினெட் தொடங்கியது. மூலத்தில் கைவைப்பது குறைவு, பதிப்பு என்ற பேச்சே இல்லை, புதியது வந்தால் பேக்மேன் அன்றே கொண்டுவந்துவிடும். அதன் விக்கியை நான் டெபியனில் உட்கார்ந்துகொண்டே படிக்கிறேன். நான் இப்போது ஓட்டாத டிஸ்ட்ரோவுக்கு நான் இவ்வளவு கடன்பட்டிருப்பது ஆர்ச்சுக்கு மட்டும்தான்.

இந்த இடத்தில் சிஸ்டம்டி பற்றிக் கேட்பீர்கள், கேட்காமல் விடமாட்டீர்கள். கணினி எழும்போது எந்தச் சேவை எப்போது தொடங்க வேண்டும் என்பதைப் பழைய காலத்தில் ஷெல் ஸ்கிரிப்டுகள் பார்த்துக்கொண்டன. 2010-இல் லெனார்ட் பூட்டரிங்கும் கே சீவர்ஸும் அதற்குப் பதிலாக சிஸ்டம்டியைக் கொண்டுவந்தார்கள். ஒரு வேலையை மட்டும் செய், அதை நன்றாகச் செய் என்ற யூனிக்ஸ் மரபுக்கு இது விரோதம் என்று பெரிய சண்டை. 2014-இல் டெபியனின் தொழில்நுட்பக் குழுவில் வாக்குகள் சமமாகப் பிரிந்து, தலைவரின் முடிவு வாக்கால் சிஸ்டம்டி உள்ளே வந்தது. பிடிக்காதவர்கள் டெவுவான் என்று தனிக்குடித்தனம் போனார்கள். அந்தப் பழைய ஸ்கிரிப்டுகளை நான் எழுதியிருக்கிறேன், பிறர் எழுதியதைத் திருத்தியும் இருக்கிறேன். நான் சிஸ்டம்டி பக்கம். எதிர்த்தவர்கள் சொன்ன ஒரு வாதத்தில் மட்டும் பொருள் இருந்தது: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கோத்தால் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் நூலகம் வாசற்கதவுக்கே வந்துவிடும். பத்து வருஷம் கழித்து அது நடந்தது.

எக்ஸ்இசட் என்று ஒரு சுருக்கக் கருவி உண்டு. கோப்பைச் சிறிதாக்கும்; அவ்வளவுதான் அதன் வேலை. அதைப் பல வருஷமாகக் கூலி இல்லாமல் கவனித்துவந்தவர் லாசே காலின் என்ற ஒரே ஒருவர். 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து ஒத்தாசை செய்தார். நல்ல திருத்தங்கள், பணிவான பேச்சு. களைத்துப்போயிருந்த காலினை, கூட ஒருவரைச் சேர்த்துக்கொள் என்று வேறு பெயர்களில் சிலர் நெருக்கினார்கள். மெல்ல ஜியா டானும் பராமரிப்பாளர் ஆனார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகள் வந்தன. அவற்றுக்குள் ஒரு கள்ளக்கதவு இருந்தது. அது எக்ஸ்இசட்டைக் குறிவைத்தது அல்ல, எஸ்எஸ்எச் சர்வரைக் குறிவைத்தது. எஸ்எஸ்எச்சுக்கும் இந்தச் சுருக்கக் கருவிக்கும் என்ன உறவு? எழுதியவர்கள் தந்த ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஒரு உறவும் இல்லை. டெபியனும் ரெட் ஹேட் குடும்பத்து ஃபெடோராவும், சேவை எழுந்துவிட்டது என்று சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக, ஒரு சிறு ஒட்டுப் போட்டிருந்தன. அந்த ஒட்டு சிஸ்டம்டியின் நூலகத்தை இழுத்தது. அந்த நூலகம் எக்ஸ்இசட்டின் நூலகத்தை இழுத்தது. அந்த ஒட்டு இல்லாத ஆர்ச்சில், கெட்ட பதிப்பு வந்துசேர்ந்தும் இந்தக் கதவு திறக்க வழியில்லை.

பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை எழுதும் குழுவில் இருப்பவர், மைக்ரோசாஃப்டில் வேலை. டெபியன் சிட் ஓடும் கணினியில் வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச்சில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடி. நாமாக இருந்தால் ‘நெட் ஸ்லோ’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் விடாமல் தோண்டினார். சில வாரங்களுக்கு முன் வால்கிரைண்ட் காட்டிய ஒரு விநோதப் புகாரும் அவருக்கு நினைவு வந்தது. 2006-இல் வால்கிரைண்டின் வாயை அடைக்கப் போய் வந்தது வினை. 2024-இல் அதன் முணுமுணுப்பை ஒருவர் காதில் வாங்கிக்கொண்டதால் பிழைத்தோம். மார்ச் 29 அன்று அவர் உலகுக்குச் சொன்னார். சிட்டிலும் ஃபெடோராவின் சோதனைக் கிளையிலும் ஏறியிருந்த அந்தப் பதிப்பு, டெபியனின் நிலைப் பதிப்புக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. பழசாகவே இருக்கிறது என்று நாங்கள் வருஷக்கணக்கில் கிண்டல் செய்த டெபியனின் மெத்தனம் அன்று ஏராளமான சர்வர்களுக்கு வேலியாக நின்றது. அதே டெபியனின் ஒட்டுத்தான் அந்த வேலியில் ஓட்டையும் போட்டது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது பிரச்சாரம். இரண்டையும் தெரிந்துகொண்டும் நான் டெபியனிலேயே இருக்கிறேன் என்றால், காரணம் இதுதான்: என்ன நடந்தது, யார் செய்தார்கள், எந்த நாளில் செய்தார்கள் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்டால் பதில் வருகிறது.

பதில் சொல்ல ஆள் இருந்தும் கேட்க நமக்கு உரிமை இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு சென்ட்ஓஎஸ் உதாரணம். ரெட் ஹேட்டின் விலையுள்ள பதிப்பை, மூலநிரலிலிருந்து மறுபடி கட்டி, இலவசமாகக் கொடுத்தது சென்ட்ஓஎஸ். உலகத்தில் பாதி வெப்சைட் அதில்தான் ஓடுகிறதோ என்று தோன்றும் அளவுக்கு அலுவலகங்கள் அதை நம்பின. 2014-இல் ரெட் ஹேட்டே அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ரெட் ஹேட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்கும் வேலையை ஐபிஎம் 2019-இல் முடித்தது. 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: 2029 வரை ஆதரவு உண்டு என்றிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 முடிவோடு நின்றுவிடும். சட்டப்படி அதில் தவறில்லை. காசு கொடுக்காதவருக்குக் கொடுத்த வாக்கு அது. சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிகோரி கர்ட்ஸர் உடனே ராக்கி லினக்ஸை அறிவித்தார், ஆல்மாலினக்ஸ் இன்னொரு பக்கம் எழுந்தது. மூலநிரல் திறந்திருந்ததால் மாற்று முளைத்தது. ஆனால் சர்வரை இடம்மாற்றும் பாடு அதைப் பார்க்கிறவருக்குத்தானே தெரியும்.

கருவிகளைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். டிஸ்ட்ரோ மாறிக்கொண்டே இருந்தது, கருவி மாறவில்லை. பிராம் மூலெனார் 1991-இல் அமிகா கணினிக்காக வெளியிட்ட விம்மில்தான் இன்றும் எழுதுகிறேன். விம்முக்குக் காசு வேண்டாம், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று அதன் முதல் திரையிலேயே எழுதி வைத்தவர் அவர். 2023 ஆகஸ்டில் காலமானார். ஈமேக்ஸ்காரர்கள் முறைக்காதீர்கள், உங்களுக்கு எதிராக நான் ஒன்றும் சொல்லவில்லை. நிரலின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் 2005 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன் சிவிஎஸ் வைத்துக்கொண்டு பட்ட பாட்டைச் சொன்னால் இன்னொரு கூட்டம் போட வேண்டும்.

ஆக் என்ற உரை அலசும் கருவியை மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன், நம் மொழியோடு அதற்குச் சம்பந்தம் உண்டு. 1977-இல் அஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் மூவரும் எழுதியது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்ற காலத்தில் பிறந்ததால், ‘வணக்கம்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் அவர்களுடைய ஆக் 21 என்று சொல்லும். யூடிஎஃப்-8 முறையில் நம் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 2022-இல், தன் 80-ஆவது வயதில், பிரையன் கெர்னிகன் உட்கார்ந்து அந்தப் பழைய ஆக்குக்கு யூனிகோட் சேர்த்தார். இப்போது 7 என்று சொல்லும். புள்ளி தனிக் குறியீடு என்பதால் 7. நாம் எண்ணினால் 5. இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது, அதை நீங்கள் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் கதை இன்னும் மோசம். திரையைச் சம அகலக் கட்டங்களாகப் பார்ப்பது அதன் பிறவிக்குணம்; ‘ணொ’, ‘ஔ’ எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிறவையா? கர்சர் ஓரிடத்தில் நிற்கும், எழுத்து வேறிடத்தில் விழும்.

ஆனாலும் வந்த தூரம் பெரியது. ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு இடப்பக்கம் போட வேண்டும் என்பதையே அறியாத திரைகளில் தமிழைப் பார்த்தவன் நான். அதைச் சரியாக அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் இன்று ஏறக்குறைய எல்லா டிஸ்ட்ரோவிலும் இருக்கிறது. லோகித் எழுத்துரு ஒரு கட்டளையில் வந்துவிடும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் வழியே கிடைக்கும். பழைய டிஸ்கி குறியாக்கத்தில் எழுதிய கோப்புகள் வீட்டில் கிடந்தால் ஐகான்வ் என்ற கருவி அவற்றை யூனிகோடாக்கித் தரும். அந்த வசதி குனுவின் சி நூலகத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இதெல்லாம் தானாக வரவில்லை. சென்னை ஐஐடி வளாகத்தில் லினக்ஸ் பயனர் குழு சனிக்கிழமை கூடியபோதும், வீட்டு மேசைகளிலும், யாரோ சிலர் உட்கார்ந்து பிழை சொல்லி, திருத்தம் அனுப்பி, மொழிபெயர்த்துச் சேர்த்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் மேல் கட்டியதுதான்; 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அது நம் பிள்ளைகள் கைக்குப் போயிற்று. அதில் ஏப்ட்-கெட் என்று தட்டத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு பெரிய களஞ்சியமே திறந்திருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை என்பது என் வருத்தம்.

கடைசியாக நிக்ஸ்ஓஎஸ். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஏல்கோ டோல்ஸ்ட்ரா செய்த ஆராய்ச்சியில் பிறந்தது. கணினியில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரே கோப்பில் எழுதிக்கொடுத்தால் அதன்படி கட்டிக்கொள்ளும்; கெட்டுப்போனால் முந்தைய நிலைக்கு ஒரு கட்டளையில் திரும்பலாம். பேக்கேஜ் முறையில் நான் பார்த்தவற்றுள் உண்மையாகவே புதிய யோசனை இதுதான். அதன் மொழிதான் கசப்பு மருந்து. ஆகவே ஒரு சமரசம் செய்துகொண்டிருக்கிறேன்: அடியில் டெபியன் நிலைப் பதிப்பு, அதன் மேல் வேலைக்கு வேண்டிய புதிய கம்பைலர்கள் மட்டும் நிக்ஸ் வழியாக. சர்வர்களில் டெபியன் மட்டும்.

மாணவர்கள் என்ன போடலாம் என்று அமைப்பாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பயப்படுகிறவர்கள் லினக்ஸ் மின்ட் போடுங்கள். பயம் விட்டவர்கள் டெபியன். அதைப் போட்டதும் நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஏதாவது ஒரு பேக்கேஜின் மாற்றக்குறிப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடியில் ஒரு மனிதரின் பெயரும் தேதியும் இருக்கும். சில பேக்கேஜ்களுக்குப் பராமரிப்பாளர் இல்லை, வேண்டும் என்று அறிவிப்பும் இருக்கும். அந்தப் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது, படித்துப் பார்க்கலாம்.

நிறுவுவதற்கான பென்டிரைவ்கள் பக்கத்து மேசையில் இருக்கின்றன. மடிக்கணினி கொண்டுவந்தவர்கள் முதலில் உங்கள் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வட்டைப் பிரிக்கும் திரை வந்ததும் எதையும் அழுத்தாமல் என்னைக் கூப்பிடுங்கள். தமிழ்99 வேண்டும் என்பவர்கள் அப்போதே சொல்லிவிட்டால் அதையும் சேர்த்துப் போட்டுவிடலாம்.